ஹான்ஸ் குரோஸ்: பொருள்களைப் பேசவைத்த நீதிபதி

குற்றவியலையும் தடயவியலையும் ஒன்றெனக் கருதிப் பலரும் எழுதுகிறார்கள். குற்றம் ஏன் நிகழ்கிறது என்று ஆராய்வது குற்றவியல். நடந்த குற்றத்தைத் துலக்கும் முறைகளைப் பற்றிய படிப்பு வேறு. அதற்குக் 'கிரிமினலிஸ்டிக்' என்ற பெயரை நிலைபெறச் செய்தவர் ஹான்ஸ் குரோஸ் (1847–1915).

ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகரில் பிறந்த குரோஸ், சட்டம் பயின்று விசாரணை நீதிபதியானார். வாக்குமூலத்தையும் சாட்சியின் நினைவையுமே வழக்குகள் பெரிதும் நம்பியிருந்த காலம் அது. பொய் சொல்லாத சாட்சியும் தவறாகப் பார்த்திருக்கக்கூடும் என்பதை அனுபவத்தில் கண்ட அவர், இரத்தக்கறை, காலடித்தடம், தூசி ஆகியவற்றின் பக்கம் திரும்பினார். 1893-இல் விசாரணை நீதிபதிகளுக்கான அவருடைய கையேடு வெளிவந்தது. சம்பவ இடத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டிய பையைக்கூட அதில் விவரித்தார். அளவுநாடா, தடத்தை வார்ப்பெடுக்கச் சுண்ணச்சாந்து, சாட்சிகளிடம் சத்தியம் வாங்க ஒரு சிறு சிலுவை எல்லாம் அதில் உண்டு.

நமக்கு நெருக்கமான செய்தி ஒன்று. இந்நூலின் ஆங்கில வடிவம் 1906-இல் வெளியானது சென்னையில்தான். அரசு வழக்கறிஞர்களான ஜான் ஆடமும் காலியர் ஆடமும் இந்திய நடைமுறைக்கேற்ப மாற்றியமைத்து மொழிபெயர்க்க, ஏ. கிருஷ்ணமாச்சாரி வெளியிட்டார்.

குரோஸ் பின்னர் செர்னோவிட்ஸ், ப்ராக், கிராட்ஸ் பல்கலைக்கழகங்களில் பேராசிரியராக இருந்தார். ப்ராக்கில் அவருடைய வகுப்புகளில் அமர்ந்த சட்ட மாணவர்களுள் ஒருவர் ஃபிரான்ஸ் காஃப்கா. 1912-இல் கிராட்ஸில் குற்றப்புலனாய்வுக்கென ஒரு கழகத்தை நிறுவினார்.

இத்தனை கவனமாகச் சான்று தேடியவர், நாடோடிகளையும் 'சீரழிந்தவர்கள்' என்று தாம் கருதியவர்களையும் பற்றி எழுதும்போது அந்தக் கவனத்தைக் கைவிட்டார். அப்படிப்பட்டவர்களை நாடுகடத்த வேண்டும் என்றும் வாதிட்டார். அந்தச் சொல் கடைசியில் அவர் வீட்டுக்குள்ளேயே நுழைந்தது. உளப்பகுப்பாய்வாளரும் கலகக்காரருமான மகன் ஓட்டோ 1913-இல் பெர்லினில் கைதானார். தந்தையின் முயற்சியால் ஆஸ்திரியாவில் மனநோய் விடுதியில் அடைக்கப்பட்டார். எழுத்தாளர்கள் கண்டனக் குரல் எழுப்பினர்; 1914-இல் ஓட்டோ வெளியே வந்தார். அடுத்த ஆண்டு தந்தை காலமானார்.

குரோஸின் வாழ்க்கையில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது இந்த முரண்தான். ஒரு காலடித்தடத்துக்கு அவர் காட்டிய பொறுமையில் சிறிதளவேனும் 'சீரழிந்தவர்' என்ற சொல்லுக்குக் காட்டியிருக்கலாம். தடயத்தைச் சோதிப்பதுபோலவே, மனிதரை வகைப்படுத்தும் கலைச்சொல்லையும் சோதித்தாக வேண்டும். அதுவும் ஒருவரைச் சிறைக்கு அனுப்பக்கூடியது.