முதலாம் தெவோத்ரோஸ்

முதலாம் தெவோத்ரோஸ் (இறப்பு: 1414) எத்தியோப்பியாவை 1413 முதல் 1414 வரை ஆண்ட பேரரசர் ஆவார். 1270 ஆம் ஆண்டில் யெகுனோ அம்லாக் நிலைநாட்டிய சாலமோனிய அரச மரபைச் சேர்ந்தவர். இவரது அரியணைப் பெயர் வல்த அன்பெஸா என்பதாகும். சிங்கத்தின் மகன் என்பது இதன் பொருள். இவர் ஆட்சி செய்தது ஏறத்தாழ ஒன்பது மாதங்களே. ஆயினும் நீண்டகாலம் ஆண்ட பல மன்னர்களை விட இவரது பெயரே எத்தியோப்பியரிடையே ஆழமாக வேரூன்றியது.

குடும்பம்

தெவோத்ரோஸ், பேரரசர் முதலாம் தாவித்துக்கும் அரசி த்ஸியோன் மொகெஸாவுக்கும் பிறந்தவர். தாவித் சுமார் முப்பது ஆண்டுகள் ஆண்ட வலிமை மிக்க மன்னர். 1402 இல் இவர் அனுப்பிய தூதுக்குழு சிறுத்தைகள் முதலான பரிசுகளுடன் இத்தாலியின் வெனிசு நகரை அடைந்தது. சனிக்கிழமையையும் ஓய்வுநாளாகக் கடைப்பிடித்து வந்த எவோஸ்தாத்தேவோஸ் பிரிவுத் துறவிகளுக்கு 1404 இல் அதற்கான அனுமதியையும் இவரே வழங்கினார். தாவித், குதிரை உதைத்ததால் இறந்ததாக மரபுச் செய்தி கூறுகிறது.

தாவித்தின் மகன்களுள் நால்வர் அரியணை ஏறினர். தெவோத்ரோசுக்குப் பின் யெஷாக் (1414-1429), தெக்லே மரியாம் (1430-1433), ஸாரா யாகோப் (1434-1468) ஆகியோர் ஆண்டனர். ஸாரா யாகோப்பின் தாய் வேறொரு அரசியான எக்ஸி கெப்ரா ஆவார்.

மூத்த மகனுக்கே பட்டம் என்ற உறுதியான விதி எத்தியோப்பியாவில் அன்று இல்லை. இதனால், ஆட்சியில் இருப்பவரின் உடன்பிறந்தாரும் உறவினரும் அரியணைக்குப் போட்டியிடாதவாறு, செங்குத்தான பாறைகள் சூழ்ந்த அம்பா கிஷென் என்னும் மலையுச்சியில் காவலில் வைக்கப்படுவது வழக்கம். ஸாரா யாகோப்பும் அங்கிருந்தே அழைத்துவரப்பட்டு முடிசூட்டப்பட்டார். ஓர் அரச குடும்பத்தில் பிறப்பது அரியணைக்கோ சிறைக்கோ வழியாக இருந்த காலம் அது.

ஆட்சி

இவரது ஆட்சி பற்றிக் கிடைக்கும் செய்திகள் மிகச் சிலவே. யெகுனோ அம்லாக் காலத்தில், நாட்டின் மூன்றில் ஒரு பங்கு நிலத்தைத் திருச்சபையின் பராமரிப்புக்கு ஒதுக்கும் உடன்பாடு ஒன்று புனித தெக்லே ஹைமானோத்துடன் செய்துகொள்ளப்பட்டதாக மரபு கூறும். அந்த உடன்பாட்டைத் தெவோத்ரோஸ் மாற்றினார் எனவும் அம்மரபே தெரிவிக்கிறது. அவ்வாறிருந்தும், எத்தியோப்பியத் திருச்சபை தனது புனிதர் வரலாற்று நூலான சின்கெஸ்ஸாரில் இவரைச் சிறப்பித்துள்ளது வியப்புக்குரியது.

1414 இல், கிழக்கே அவாஷ் ஆற்றுக்கு அப்பால் முஸ்லிம் படைகளுடன் நடந்த போரில் இவர் கொல்லப்பட்டார் எனக் கூறப்படுகிறது. இவருக்குப் பின் இவரது உடன்பிறந்தாரான யெஷாக் பதவியேற்றார்.

மீண்டும் வருவார் என்ற நம்பிக்கை

போர், பஞ்சம், அநீதி நிறைந்த காலத்தின் முடிவில், தெவோத்ரோஸ் என்னும் பெயருடைய அரசர் தோன்றி நீதியுடன் ஆள்வார் என்ற தீர்க்கதரிசனம் ஃபிக்காரே இயேசுஸ் என்னும் கீஸ் மொழி நூலில் காணப்படுகிறது. 1769 இல் எத்தியோப்பியாவுக்குச் சென்ற இசுக்காட்லாந்துப் பயணி ஜேம்ஸ் புரூஸ், ஒன்பது மாத ஆட்சியை மக்கள் இவ்வளவு போற்றுவதைக் கண்டு, அக்காலத்தில் ஏதோ மிகச் சிறந்த நிகழ்ச்சி நடந்திருக்க வேண்டும் எனக் கருதினார். தெவோத்ரோஸ் உயிர்த்தெழுந்து ஆயிரம் ஆண்டுகள் ஆள்வார் என்றும், அப்போது போர்களே இரா என்றும் மக்கள் நம்பியதை அவர் பதிவு செய்துள்ளார்.

புரூஸின் ஊகம் தேவையற்றது எனலாம். அரசர் பட்டியல்களின்படி, 1429 முதல் 1434 வரையான ஐந்தாண்டுகளில் மட்டும் அந்த்ரேயாஸ், தெக்லே மரியாம், சார்வே இயேசுஸ், அம்தா இயேசுஸ் என நால்வர் ஆண்டு மறைந்தனர். அவர்களுள் சிலரது ஆட்சி ஓராண்டுகூட நீடிக்கவில்லை. அதனைத் தொடர்ந்த ஸாரா யாகோப்பின் ஆட்சியோ, அவரது சொந்தப் பிள்ளைகளும் தண்டனைக்குத் தப்பாத அளவுக்குக் கடுமையானது. தவறு செய்வதற்கும் பகை தேடுவதற்கும் காலமின்றி மறைந்த தெவோத்ரோஸை, இவற்றின் பின்னணியில் மக்கள் பொற்கால அரசராக எண்ணியதில் வியப்பில்லை.

பெயரின் பிற்கால வரலாறு

பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து எத்தியோப்பியா சிற்றரசர்களின் பூசல்களால் சிதறிக் கிடந்தது. அவர்களை ஒவ்வொருவராக வென்ற காசா ஹைலு என்பவர், 1855 பெப்ரவரியில் முடிசூடியபோது இந்தத் தீர்க்கதரிசனத்தைக் கருத்திற்கொண்டு தெவோத்ரோஸ் என்ற பெயரையே ஏற்றார். இவரே இரண்டாம் தெவோத்ரோஸ் என அறியப்படுகிறார். பிரித்தானியத் தூதரையும் பிற ஐரோப்பியரையும் இவர் சிறைவைத்ததால், ராபர்ட் நேப்பியர் தலைமையில் இந்தியாவிலிருந்து ஒரு படை அனுப்பப்பட்டது. சென்னை மாகாணப் பொறியியல் படைப்பிரிவினரும் அதில் இடம்பெற்றிருந்தனர். 1868 ஏப்ரல் 13 அன்று மக்தலா மலைக்கோட்டை வீழ்ந்தபோது, இரண்டாம் தெவோத்ரோஸ் சரணடைய மறுத்துத் தம்மைத் தாமே சுட்டு உயிர் துறந்தார்.