வாவிக்கரையில் எட்டுத் திங்கள்

மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கு நோக்கி ஏறாவூர், செங்கலடி ஆகிய ஊர்களைக் கடந்து செல்வோர்க்கு அடுத்துத் தோன்றுவது வந்தாறுமூலை. வந்து ஆறும் மூலை என்று இப்பெயரைப் பிரித்துச் சுவைப்பாரும் உளர். வயலும் தென்னையும் திருமால் கோயிலும் கொண்ட இவ்வூர் இன்று கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பெயராலேயே நாடெங்கும் அறியப்படுகின்றது. மத்திய மகா வித்தியாலயம் இருந்த வளாகத்தில் 1981ஆம் ஆண்டு பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, 1986இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது அந்நிறுவனம்.

இவ்வூரில் தமிழாசிரியனாகப் பல்லாண்டு கழித்தவன் நான். மட்டக்களப்பின் கல்வி வரலாற்றைக் கூறத் தொடங்கும்போதெல்லாம் மாணவர் முதலிற் சொல்வது விபுலானந்த அடிகளின் பெயரே. அது முறையுமாகும். ஆயினும் அடிகள் பிறப்பதற்கு 78 ஆண்டுகள் முன்னர் இவ்வாவிக்கரையில் வந்திறங்கி, எட்டே மாதம் உழைத்து, இம்மண்ணிலேயே மறைந்த ஓர் ஆங்கிலேயரையும் அவர்களுக்குச் சொல்வது என் வழக்கம். அவரே வில்லியம் ஓல்ட் பாதிரியார். மட்டக்களப்பில் அப்பெயரைக் கேளாதார் இலர். வாழ்வை அறிந்தாரோ சிலரே. திருநீறு அணியும் குடும்பத்திற் பிறந்த நான் ஒரு பாதிரியாரின் வாழ்வை எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பாகலாம். மட்டக்களப்பாருக்கு வியப்பாகாது.

ஓல்டின் கதை தோமஸ் கோக் என்னும் முதியவரின் கனவிலிருந்து தொடங்குகின்றது. ஜோன் வெஸ்லியோடு தோள்கொடுத்து உழைத்த கோக், கீழைத்தேயங்களில் மெதடிஸ்தத் தொண்டு தொடங்க வேண்டுமென்று பல்லாண்டு ஏங்கியவர். செலவுக்குப் பணமில்லை என்று சபையார் தயங்கிய வேளையில், தம் சொந்தப் பொருளிலிருந்து ஆறாயிரம் பவுண் வரை தருவதாக முன்வந்தார். இலங்கை 1802ஆம் ஆண்டு முதல் பிரித்தானிய முடியின் நேராட்சிக்கு உட்பட்டிருந்தது. கிழக்கிந்தியக் கொம்பனியின் ஆட்சியிலிருந்த இந்தியாவிலும் பார்க்க இங்கு மதபோதகர்க்குத் தடை குறைவு. ஆகவே இலங்கையே தெரிவாயிற்று. 1813 டிசம்பர் 30ஆம் நாள் கோக்கும் இளம் போதகர் குழுவினரும் இரண்டு கப்பல்களிலே இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டனர். அவர்களுள் ஒருவராய் வில்லியம் ஓல்ட் தம் மனைவியோடு கப்பலேறினார்.

ஈண்டு மெதடிஸ்தர் என்போர் யார் எனச் சிறிது கூறுதல் வேண்டும். வெஸ்லி தொடங்கிய இயக்கத்தின் உயிர்நிலை சிறு குழுக்கள். வாரந்தோறும் சிலர் ஒருங்கே கூடித் தத்தம் உள்ளத்தைத் தாமே சோதித்து, தவறியதையும் தேறியதையும் மறையாது ஒருவர்க்கொருவர் உரைப்பர். நம்பிக்கை ஆழமாவதற்கு இதுவே வழியென அவர்கள் கொண்டனர். ஆனால் உட்சோதனையோடு அவர்கள் நின்றுவிடவில்லை. சிறையில் இருப்போரையும் நோயாளரையும் தேடிச் செல்லுதல், சுரங்கத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தல் முதலியனவும் அதே ஒழுக்கத்தின் கூறுகளாய் இருந்தன. இவ்விரண்டையும் பிரித்தால் இரண்டும் வாடும் என்பது வெஸ்லியின் கொள்கை. ஓல்ட் இக்கொள்கையிலே பயின்று வந்தவர். பின்னாளில் குழுவே இல்லாத ஓர் ஊரில், தம்மைச் சோதித்துத் தேற்ற ஒருவருமின்றி, அவர் இக்கொள்கையை வாழ்ந்து காட்ட நேர்ந்தது.

கடல் அவரை முதலிற் சோதித்தது. புறப்பட்டு இரண்டு மாதம் நிறையுமுன்னரே, 1814 பெப்ரவரியில், மனைவியார் கப்பலில் இறந்தார். உடல் கடலுக்கே ஒப்படைக்கப்பட்டது. கல்லறை என்று சென்று நிற்க ஓரிடமும் இல்லாத பிரிவு அது. துயரம் ஆறுமுன் மே 3ஆம் நாட்காலையில் மற்றொரு கப்பலில் கோக் தம் அறையில் இறந்து கிடக்கக் காணப்பட்டார். தலைவரும் போனார், பணமும் அவரோடு போனது போலாயிற்று. ஏனெனில் பணப்பொறுப்பு முழுவதும் கோக்கின் கையில் இருந்தது. அம்மாதமே பம்பாயில் இறங்கிய இளைஞர்க்கு அந்நகர வணிகராகிய தோமஸ் மனி என்பார் நம்பிக்கையின்மேற் கடன் கொடுத்திராவிடில் இலங்கைப் பயணம் அங்கேயே முடிந்திருக்கும். மதத் தொண்டுகளின் வரலாற்றில் இத்தகைய வணிகர்க்கு ஒரு வரியே கிடைக்கின்றது. அதிகம் கிடைத்திருக்கலாம்.

இந்நிலையில் ஓல்ட் திரும்பிப் போயிருந்தால் அவரைக் குறைகூறுவார் எவருமிலர். அவர் திரும்பவில்லை. யூன் 20ஆம் நாள் பம்பாயிலிருந்து கப்பலேறிய ஐவரும் 29ஆம் நாள் இலங்கையின் தென்கரையை அடைந்தனர். தேசாதிபதியாக இருந்த றொபேட் பிரவுண்றிக் அவர்களை வரவேற்றதோடு, ஆங்கிலக் கல்வி புகட்டுவதாயின் அரசாங்கம் மாதப்படி தரும் என்றும் அறிவித்தார். இது அவர் கருணை மாத்திரம் அன்று. தலைமைக்காரர் பிள்ளைகள் ஆங்கிலம் கற்றால் ஆட்சி எளிதாகும் என்னும் கணக்கும் அதனுள் இருந்தது. கையிற் பொருளில்லாத போதகர்கள் அதனை ஏற்றனர். இத்தொண்டின் வேரிலேயே அரசாங்கப் பணம் கலந்திருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை; மறந்தும் விடலாகாது.

யூலை மாதத்தில் காலியிற் கூடி, யார் யார் எவ்வூர்க்குச் செல்வதென முடிவு செய்தனர். லிஞ்சும் ஸ்குவான்சும் யாழ்ப்பாணத்திற்கு, எர்ஸ்கின் மாத்தறைக்கு, கிளவ் காலிக்கு, ஓல்ட் மட்டக்களப்பிற்கு. யாழ்ப்பாணம் சென்றோர் இருவர். மாத்தறையும் காலியும் அண்மையூர்கள். மனைவியை இழந்து ஆறு மாதமே ஆகியிருந்த ஓல்டுக்குக் கிடைத்ததோ, துணையென்று ஒருவரும் இல்லாத தொலைக்கரை.

தோணியேறிக் கீழ்க்கரையைச் சுற்றி, ஓகஸ்ட் தொடக்கத்தில் அவர் மட்டக்களப்பை அடைந்தார். கச்சான் காற்று வறண்டு வீசும் காலம் அது. அந்நாளைய மட்டக்களப்பு என்பது பெரும்பாலும் புளியந்தீவே. நாற்புறமும் நீர்; ஒருபுறம் போர்த்துக்கீசர் 1628இல் கட்டி, ஒல்லாந்தர் 1638இல் கைப்பற்றி, 1795இல் ஆங்கிலேயர் கைக்கு மாறிய கோட்டை. கல்லடிப் பாலம் தோன்றியது 1924இலேதான். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் முன்னர், எழுவான்கரைக்கோ படுவான்கரைக்கோ செல்வதாயின் தோணியே கதி. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் அவ்வாவியின் இருகரையிலும் சிற்றூர்கள். போடிமாரின் வயல்கள், முக்குவர் குடிகள், முஸ்லிம் ஊர்கள், வைகாசி பிறந்தால் கண்ணகியம்மன் சடங்கு, இரவு விடியுமட்டும் வடமோடி தென்மோடிக் கூத்து. சட்டம்பியாரிடம் மணலில் விரலூன்றி எழுதிப் பின் ஓலைக்கு ஏறிய பிள்ளைகளும் இருந்தனர். அவ்வாய்ப்பும் இல்லாத பிள்ளைகள் அதனினும் பலர்.

ஓல்டின் முன்னே இரண்டு வழி கிடந்தன. கோட்டையிலிருந்த படைவீரர்க்கும் உத்தியோகத்தர்க்கும் ஆங்கிலத்தில் வழிபாடு நடத்திக்கொண்டு, தம் துயரத்தோடும் வேதநூலோடும் அமைதியாய் இருந்துவிடுதல் ஒன்று. அதுவே பக்தியென்று பலர் போற்றியிருப்பர். அவ்வழிபாட்டை அவர் நடத்தவே செய்தார். ஆயின் அதனோடு நில்லாது தமிழ் நெடுங்கணக்கை எடுத்துக்கொண்டு அமர்ந்தார். வளர்ந்த ஓர் ஆடவர் ழகரமும் ளகரமும் நாவிற் புரளாது திண்டாடுவதை எண்ணிப் பார்க்கும் எந்தத் தமிழாசிரியனுக்கும் அவர்மேல் ஒரு பரிவு தோன்றாமற் போகாது. கற்பிக்க வந்தவர் முதலில் மாணவராக இருக்க இசைந்தார் என்பதே இவ்வாழ்வில் என்னை மிகவும் ஈர்த்த செய்தி.

அடுத்துப் பள்ளிகள். எட்டு மாதத்தில் எட்டுப் பள்ளிகள் என்பது மெதடிஸ்த வரலாற்றில் நிலைத்துவிட்ட கணக்கு. பள்ளிகள் என்றவுடன் சுவர் எழுப்பிய மாடங்களை நினைத்தல் கூடாது. கிடுகுக் கூரை, மண் தரை, ஊரிலேயே கிடைத்த ஓர் ஆசிரியர், சுற்றியிருக்கும் சைவக் குடும்பத்துச் சிறுவர். அந்நாட் பள்ளிக்கு இவ்வளவு போதும். ஆயினும் அத்தகைய பள்ளி ஒன்றைத் தொடங்குதற்கு, நம்பாத பெற்றோரை நம்பச் செய்தல் வேண்டும். பிள்ளையை அனுப்பினால் மதத்தை மாற்றிவிடுவாரோ என்னும் அச்சம் ஆதாரமற்றதன்று; மதமாற்றம் அவர் விரும்பியதே. அதை அவர் ஒளித்தாரும் அல்லர். ஒருமுறை தொடங்கினாற் போதாது. தோணியில் ஏறி இறங்கி மீண்டும் மீண்டும் சென்று பார்த்தாலன்றி அத்தகைய பள்ளி நில்லாது. மாதம் ஒன்று என்னும் கணக்கில் பள்ளி தொடங்கிய மனிதர்க்கு ஓய்வு என்பது எங்கே இருந்திருக்கும்?

இங்கு என் கருத்து வேறுபாட்டையும் சொல்லிவிடுகின்றேன். ஓல்டும் அவர் தோழரும் நம் ஊர்க் கோயில்களில் அறியாமையைத் தவிர வேறொன்றையும் காணவில்லை. கண்ணகி வழக்குரையைக் கேட்டு விம்மும் ஒரு மூதாட்டியின் உள்ளத்திலும் ஆழ்ந்த பக்தி உண்டு என்பதை அறிய அவர்க்கு மொழியும் போதவில்லை, காலமும் போதவில்லை. அறிந்திருந்தாலும் ஒப்பியிருப்பாரோ? அக்காலப் போதகருள் ஒப்பியவர் மிகச் சிலரே. ஆனால் ஒருவர் நம்மைப் பற்றிக் கொண்ட எண்ணத்தை மட்டும் வைத்து அவரை அளப்பது நீதியாகாது. நம் பிள்ளைகளின் பொருட்டு அவர் என்ன செய்தார் என்பதையும் தராசின் மறுதட்டில் இடுதல் வேண்டும். அரசாங்கம் விரும்பியது தலைமைக்காரர் மக்களுக்கு ஆங்கிலம். அவரோ ஊர்ப்பிள்ளைகளுக்காகவும் பள்ளி வைத்தார். தம் நம்பிக்கை மெய்யானால் அது கோட்டை மதிலுக்கு அப்பாலும் சென்றாக வேண்டும் என்று அவர் கொண்டதன் விளைவே அது.

கச்சான் ஓய்ந்து வாடை தொடங்கியது. மழையும் வெள்ளமும் வாவியைப் பெருக்கின. அவற்றைத் தொடர்ந்து காய்ச்சல் பரவியது. மலேரியா எதனால் வருகின்றது என்று உலகம் அறிய இன்னும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தன. புதிதாய் வந்தவரின் உடல் அக்காற்றுக்கும் நீருக்கும் பழகியதன்று. உழைப்போ குறையவில்லை. 1815 மார்ச் 2ஆம் நாள் கண்டியில் ஒப்பந்தம் கைச்சாத்தாகி முழு இலங்கையும் பிரித்தானியர் வசமாயிற்று. கோட்டையிலிருந்தோர் மகிழ்ந்திருப்பர். அதற்கு ஒரு மாதத்தின் பின், ஏப்ரல் 1ஆம் நாள், புளியந்தீவில் வில்லியம் ஓல்ட் கண்மூடினார். இலங்கைக்கு வந்த அக்குழுவினருள் இந்நாட்டு மண்ணில் முதலில் மறைந்தவர் அவரே. அருகில் உறவினர் இல்லை. தோழர்கள் தொலைவில் இருந்தனர். மனைவியார் கடலிலும் கணவர் வாவிக்கரையிலுமாக அக்குடும்பம் முடிந்தது.

அவர் எழுதிய நூல் ஒன்றும் இல்லை. பெருந்தொகையானோரை அவர் மதம் மாற்றியதாகவும் வரலாறில்லை. எண்ணிக்கையால் அளப்போர்க்கு இது தோல்வி. ஆனால் புளியந்தீவுப் பள்ளி அழியவில்லை. அவர்க்குப் பின் வந்த போதகர்கள் அதைத் தொடர்ந்து நடத்தினர். 1814ஆம் ஆண்டையே தன் தொடக்கமாகக் கொண்டு மெதடிஸ்த மத்திய கல்லூரி என வளர்ந்த அது, 2014இல் இருநூறாம் ஆண்டைக் கண்டது. 1820இல் பெண்களுக்கென்று எழுந்தது இந்நாளைய வின்சன்ற் மகளிர் கல்லூரி. பெண்பிள்ளைக்கு எழுத்தெதற்கு என்று எத்திசையிலும் கேட்கப்பட்ட காலத்தில் அது எழுந்தது என்பதை எம் மாணவியர்க்கு நான் இருமுறை சொல்வதுண்டு.

மற்றொரு விளைவு போதகர்கள் எதிர்பாராதது. யாழ்ப்பாணம் சென்ற தோழர் தொடங்கிய மெதடிஸ்தப் பள்ளியிலே ஆங்கிலம் கற்று, அங்கேயே பேர்சிவல் பாதிரியார்க்குத் துணையாக வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர், பின்னாளிற் சைவத்தின் அரணாக நின்ற ஆறுமுக நாவலர். இக்கரையிலோ, காரைதீவிற் பிறந்த மயில்வாகனன் என்னும் சிறுவன் கல்முனை மெதடிஸ்தப் பள்ளியிற் கற்றான். அச்சிறுவனே துறவு பூண்டு விபுலானந்தராகி, கல்லடியிலே சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பி, 1947இல் யாழ்நூலைத் தமிழுக்குத் தந்துவிட்டு அவ்வாண்டே மறைந்தார். ஏழைப்பிள்ளைகளைத் தேடிப்போய்ப் பள்ளி வைத்தலே தொண்டு என்னும் நெறியில் அடிகளும் நடந்தார். இறைவன் பெயர் வேறாயிருந்தது. இதனை ஓல்ட் அறிந்திருந்தால் முதலில் வருந்தியிருப்பார் என்றே எண்ணுகின்றேன். வருந்திய பின், பாடம் நடக்கும் ஓசை கேட்டு ஒருகால் உள்ளே எட்டிப் பார்த்துமிருப்பார்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் அவர்க்கு இன்று ஒரு சிலை உண்டு. காலையில் அவ்வழியே பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுள் நெற்றியில் நீறணிந்தவரும், தொப்பியணிந்தவரும், கழுத்தில் சிலுவை அணிந்தவரும் இருக்கின்றனர். நேரமாகிவிட்டதென்னும் அவசரத்தில் அவர்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை.