பல்கலைக்கழக வாசலில் தாஹா ஹுசைன்

பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகும் நாள் தொட்டுக் கல்லூரிகள் திறக்கும் நாள் வரை நம் மஹல்லாவின் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். மருத்துவத்திற்கு இடம் கிடைக்குமா, அரசுப் பல்கலைக்கழகத்தில் கேட்ட பொறியியல் பிரிவு அமையுமா, அரை மதிப்பெண்ணில் கைநழுவியதை அடுத்த சுற்றுக் கலந்தாய்வில் பிடிக்க இயலுமா என்று பெற்றோர் கவலையுறுகின்றனர். விரும்பிய பாடம் கிடைக்காத பிள்ளைகள் சிலர் படிப்பே வேண்டாமென்று மனமுடைந்து போவதையும் நாம் காண்கிறோம். ஆகவே, இவ்வாண்டு மலரில் ஒரு பேரறிஞரின் வரலாற்றை எழுத எடுத்துக்கொண்டோம். கல்வி நிலையங்களின் வாசலில் பலமுறை தடுத்து நிறுத்தப்பட்டு, பின்னாளில் அவ்வாசலின் திறவுகோலையே கையில் பெற்றவர் அவர்.

எகிப்து நாட்டின் மின்யா மாகாணத்தில் மகாகா என்னும் ஊருக்கருகே உள்ள சிற்றூரில் 1889ஆம் ஆண்டு நவம்பரில் தாஹா ஹுசைன் பிறந்தார். பதின்மூன்று பிள்ளைகளில் ஏழாமவர். தந்தையார் சர்க்கரைக் கம்பெனியில் சிறு ஊழியர். குழந்தைக்கு மூன்று வயதளவில் கண்ணோய் வந்தது. ஊரில் மருத்துவர் இல்லாததால் நாவிதர் ஒருவர் வைத்தியம் பார்க்க, பார்வை முழுவதும் போயிற்று. அக்காலத்தில் பார்வையற்ற பிள்ளைக்கு வழி ஒன்றே இருந்தது. குர்ஆன் ஷரீஃபை மனனம் செய்து, மய்யித்து வீடுகளிலும் விழாக்களிலும் ஓதிப் பிழைப்பது. தாஹாவும் ஒன்பது வயதுக்குள் ஹாஃபிள் ஆனார். 1902இல், பதின்மூன்று வயது நிரம்பு முன்பே, மூத்த சகோதரருடன் கெய்ரோ சென்று அல்-அஸ்ஹரில் சேர்ந்தார்.

அஸ்ஹரில் இலக்கணமும் ஃபிக்ஹும் கற்றார். அரபி இலக்கியத்தில் மனம் பறிகொடுத்தார். ஆயினும் ஆசிரியர்களிடம் வெளிப்படையாக மறுவினாத் தொடுப்பதும், பாடமுறையைப் பத்திரிகைகளில் குறைகூறி எழுதுவதும் அவருடைய இயல்பாகிவிட்டன. அதன் விலையை அவர் கொடுக்க நேர்ந்தது. 1912இல் ஆலிமிய்யா பட்டத் தேர்வுக்கு அமர்ந்தபோது தேறவில்லை. அந்த முடிவு முன்னரே எடுக்கப்பட்டதென்றே அவர் இறுதிவரை கருதினார். அவருடைய நாவின் கூர்மையும் இதற்கு ஒரு காரணம் என்பதை நாம் மறைக்க விரும்பவில்லை.

இதற்கிடையே 1908 டிசம்பரில் கெய்ரோவில் எகிப்தியப் பல்கலைக்கழகம் திறக்கப்பட்டிருந்தது. அப்போது அது மக்கள் நன்கொடையால் நடந்த தனியார் நிறுவனம். ஐரோப்பியப் பேராசிரியர்களும் எகிப்திய அறிஞர்களும் மாலை வேளைகளில் விரிவுரை ஆற்றினர். பகலில் அஸ்ஹரின் பாயில் அமர்ந்த மாணவர், மாலையில் பல்கலைக்கழகத்தின் விரிவுரை மண்டபத்தில் அமர்ந்தார். வரலாறு, புவியியல், பண்டைய மொழிகள் எனப் புதிய துறைகள் அவருக்கு அறிமுகமாயின.

சிறந்த மாணவர்களைப் பல்கலைக்கழகம் தன் செலவில் பிரான்சுக்கு அனுப்பி வந்தது. அக்குழுவில் இடம்பெறத் தாஹா ஹுசைன் மனுச் செய்தார். நிர்வாகக் குழு மறுத்தது. விதிப்படி மேனிலைப் பள்ளிச் சான்றிதழ் வேண்டும், அஸ்ஹரில் படித்தவரிடம் அது ஏது? அதோடு கண்பார்வையும் இல்லை. அவர் மீண்டும் எழுதினார். பிரெஞ்சு மொழி தெரியாதவரை அனுப்ப இயலாதென்று பதில் வந்தது. பிரெஞ்சு கற்றுக்கொண்டு மறுபடியும் எழுதினார். முதலில் இங்கேயே பட்டம் பெறட்டும் என்றனர். ஒவ்வொரு மறுப்பிலும் சொல்லப்பட்ட குறை எதுவோ, அதனை நிறைவு செய்துகொண்டு அடுத்த மனுவை எழுதினாரேயன்றி, மறுத்தவர்களைப் பழித்துக்கொண்டு அவர் காலத்தைப் போக்கவில்லை. பார்வையின்மை ஒன்றைத்தான் அவரால் நிறைவு செய்ய இயலவில்லை. அதற்குரிய விடையை அவர் தேர்ந்தெடுத்த ஆய்வுப் பொருளிலேயே காணலாம். சிரியா நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த பார்வையற்ற பெருங்கவிஞர் அபுல் அலா அல்-மஅர்ரீயைப் பற்றி ஆய்ந்து, 1914ஆம் ஆண்டு மே மாதத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகம் வழங்கிய முதல் முனைவர் பட்டம் அதுவே. இனி மறுப்பதற்குக் காரணம் எஞ்சவில்லை.

அவ்வாண்டே உலகப் போர் மூண்டது. பாரிஸ் ஆபத்தான நகரமாகிவிட்டதால் தெற்கேயுள்ள மோன்பெலியேக்கு அனுப்பப்பட்டார். ஓராண்டு முடியுமுன் பல்கலைக்கழகத்தின் கையில் பணமில்லை என்று மாணவர்கள் திருப்பி அழைக்கப்பட்டனர். சில மாதங்கள் கெய்ரோவில் கழித்த பின் மீண்டும் பயணம், இம்முறை பாரிஸ். சோர்போனில் முனைவர் பட்டத்தோடு நின்றுவிடாமல், பிரெஞ்சு மாணவர்களோடு சரிசமமாக அமர்ந்து எழுதவேண்டிய லிசான்ஸ் பட்டத் தேர்வையும் எழுத முற்பட்டார். அதற்கு லத்தீன் கட்டாயம். பள்ளிப் பருவம் முதல் லத்தீன் படித்தவர்களுக்கே அது கடினம். நூல்களை வாய்விட்டு வாசித்துக் காட்டும் உதவியாளராக வந்த சூஸான் என்னும் பெண்மணி அவருக்குத் துணை நின்றார். பின்னர் இருவரும் மணம் புரிந்துகொண்டனர். 1917இல் லிசான்ஸ் தேறினார். இப்னு கல்தூனின் சமூகவியல் சிந்தனை பற்றிய ஆய்வுக்கு இரண்டாம் முனைவர் பட்டமும் கிட்டியது. 1919இல் தாயகம் திரும்பிப் பேராசிரியரானார்.

1925இல் அப்பல்கலைக்கழகம் அரசுப் பல்கலைக்கழகமாயிற்று. மறு ஆண்டு அவர் வெளியிட்ட ஜாஹிலிய்யாக் காலக் கவிதை பற்றிய நூல் பெரும் கொந்தளிப்பை உண்டாக்கியது. நபி இப்ராஹீம், நபி இஸ்மாயீல் (அலைஹிமுஸ்ஸலாம்) ஆகியோரின் வரலாறு குறித்து அதில் எழுதப்பட்டிருந்தவை நமக்கு ஒருபோதும் உடன்பாடானவை அல்ல. உலமாக்கள் கண்டித்ததில் நியாயம் உண்டு. அரசு வழக்கறிஞரின் விசாரணை 1927இல் குற்ற நோக்கமில்லை என முடிந்தது. நூல் திரும்பப் பெறப்பட்டு, அப்பகுதிகள் நீக்கப்பட்டு மறுபதிப்பாயிற்று. ஒருவரின் பிழையைப் பிழையென்று கூறிவிட்டு அவர் செய்த நன்மையையும் கூறுவதே நேர்மை என்பதால், நாம் மேலே செல்கிறோம்.

அந்நன்மைகளுள் நம் சமுதாயப் பெண்மக்களுக்கு மிகவும் தொடர்புடைய ஒன்று உண்டு. அரசுப் பல்கலைக்கழகத்தில் அதுவரை பெண்கள் முறையான மாணவிகளாகச் சேர்க்கப்படவில்லை. பல்கலைக்கழகத் தலைவர் அஹ்மத் லுத்ஃபி அஸ்ஸையித், தாஹா ஹுசைன் உள்ளிட்டோருடன் கலந்து ஒரு வழி கண்டார். சட்டத்தில் எகிப்தியர் அனைவருக்கும் என்றுதான் இருந்தது, ஆண்களுக்கு என்று இல்லை. மேனிலைச் சான்றிதழ் பெற்ற பெண்களை, விளம்பரமோ அறிக்கையோ இன்றி, அமைதியாகச் சேர்த்துக்கொண்டனர். எதிர்ப்பாளர்கள் விழித்துக்கொண்டபோது மாணவிகள் வகுப்பில் அமர்ந்திருந்தனர்.

அவர்களுள் ஒருவர் சுஹைர் அல்-கலமாவி. அவருடைய தந்தையார் மருத்துவர். தாமும் மருத்துவராவதே அவர் கனவு. ஆனால் அப்படிப்பில் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. 1929இல் கலைப்புலத்தில் தாஹா ஹுசைனின் அரபித் துறையில் சேர்ந்தார். வகுப்பில் பதினான்கு ஆண்கள், பெண் அவர் ஒருவர் மட்டுமே. விருப்பமில்லாது கிடைத்த அத்துறையில், ஆயிரத்தொரு இரவுகள் கதைத் தொகுப்பை ஆய்ந்து 1941இல் முனைவர் பட்டம் பெற்றார். அப்பல்கலைக்கழகத்தில் முனைவரான முதல் எகிப்தியப் பெண் அவரே. பிற்காலத்தில் ஆசிரியர் வகித்த அதே அரபித் துறைக்கு அவர் தலைவருமானார். தம் இல்லத்துப் பெண்பிள்ளைக்குக் கேட்ட பாடம் கிடைக்கவில்லை என்பதற்காகக் கல்லூரி விண்ணப்பத்தையே மடித்து வைத்துவிடும் பெற்றோர் நம்மிடையே உண்டல்லவா? சுஹைரின் தந்தையாரோ, மருத்துவம் இல்லையெனில் அரபி படி என்று மகளை ஊக்குவித்தவர்.

கலைப்புலத்தின் தலைவராக இருந்தபோது, அரசியல் பிரமுகர்கள் சிலருக்குக் கௌரவ முனைவர் பட்டம் வழங்க வேண்டுமென்று ஸித்கீ பாஷாவின் அரசு வற்புறுத்தியது. தாம் உழைத்துப் பெற்ற பட்டத்தைப் பிறருக்குத் தயவாகத் தர தாஹா ஹுசைன் இசையவில்லை. 1932இல் பதவியிலிருந்து அகற்றப்பட்டார். மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர், லுத்ஃபி அஸ்ஸையித் பதவி விலகினார். சில ஆண்டுகள் பத்திரிகை எழுத்தே பிழைப்பாயிற்று. பின்னரே பல்கலைக்கழகம் அவரைத் திரும்ப ஏற்றுக்கொண்டது.

1942இல் அலெக்சாந்திரியாவில் புதிய பல்கலைக்கழகம் எழுந்தபோது அதன் முதல் தலைவரானார். 1950 ஜனவரியில் நஹ்ஹாஸ் பாஷாவின் அமைச்சரவையில் கல்வி அமைச்சரானார். ஆரம்பக் கல்விக் கட்டணம் முன்னரே நீங்கியிருந்தது. இவர் மேனிலைக் கல்விக் கட்டணத்தையும் நீக்கினார். தண்ணீரும் காற்றும் போலக் கல்வி எல்லோருக்கும் உரியது என்பது அவர் கொள்கை. இஸ்மாயீல் அல்-கப்பானீ என்னும் கல்வியாளர் கடுமையாக மறுத்தார். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத நிலையில் எல்லோரையும் உள்ளே விட்டால் கல்வியின் தரம் கெடும் என்பது அவர் வாதம். கப்பானீயின் அச்சம் வெறும் அச்சமாகவே போய்விடவில்லை, எகிப்தின் வகுப்பறைகள் பின்னாளில் நிரம்பி வழிந்தன. ஆயினும் தரம் உயரும் வரை ஏழைப் பிள்ளை வெளியே நிற்கட்டும் என்பதை நம்மால் ஏற்க இயலவில்லை. வெளியே நின்றவரின் அனுபவம் அமைச்சருக்கு இருந்தது.

1962இல் நாஸிர் ஆட்சியில் பல்கலைக்கழகக் கல்வியும் கட்டணமில்லாததாயிற்று. கட்டணம் என்னும் தடை நீங்கியதும் மதிப்பெண் என்னும் தடை உயர்ந்தது. இன்று எகிப்தில் பள்ளி இறுதித் தேர்வு எழுதிய மாணவர்கள் தன்ஸீக் எனப்படும் ஒருங்கிணைப்பு அலுவலகத்திற்குத் தம் விருப்பங்களை வரிசைப்படுத்தி அனுப்புகின்றனர். விழுக்காட்டைப் பார்த்து அலுவலகம் இடம் ஒதுக்குகிறது. மருத்துவமும் பொறியியலும் அங்கே சிகரக் கல்லூரிகள் என்று பெயர் பெற்றுள்ளன. நம் ஊர்க் கலந்தாய்வைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. எத்தனையோ சுஹைர்கள் அங்கும் இங்கும் விரும்பாத துறையில் ஆண்டுதோறும் சேர்கின்றனர்.

1952 ஜனவரியில் அவ்வமைச்சரவை நீங்கியதும் தாஹா ஹுசைன் பதவியை விட்டு எழுத்துப் பணிக்குத் திரும்பினார். தம் இளமையைப் படர்க்கையில் ஒரு சிறுவனின் கதைபோல் அவர் கூறிய அல்-அய்யாம் என்னும் தன்வரலாறு பல மொழிகளில் பெயர்க்கப்பட்டுள்ளது. அவருடைய நூல்கள் அனைத்தும் அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதியவை. 1973 அக்டோபர் 28ஆம் நாள் கெய்ரோவில் காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். கீஸாவில் அவர் வாழ்ந்த ராமத்தான் என்னும் இல்லம் இப்போது அருங்காட்சியகமாக உள்ளது. அவருடைய நூலகம் அங்கே இருக்கிறது, ஒரு பக்கத்தையும் தம் கண்ணால் கண்டிராத ஒருவர் சேர்த்துவைத்த நூலகம்.