தர்மபுரியில் தோட்டம் போட்ட ஸ்காட்லாந்துக்காரர்... நம்ம பட்டாவுக்கும் தாமஸ் மன்றோவுக்கும் என்ன தொடர்பு?

சென்னை தீவுத்திடல் பக்கம் போனவங்களுக்கு அந்த குதிரை வீரர் சிலை நல்லா தெரியும். சேணமே இல்லாத குதிரை மேல கம்பீரமா உட்கார்ந்திருப்பவர் சர் தாமஸ் மன்றோ. மெட்ராஸ் கவர்னராக இருந்தவர். ஆனா, அவர் நில நிர்வாகத்தைக் கற்றுக்கொண்டது இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி பகுதிகளில்தான்.

யார் இந்த மன்றோ?

1761 மே 27-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் பிறந்தார். அப்பா அலெக்சாண்டர், அமெரிக்காவின் வர்ஜீனியாவோடு புகையிலை வியாபாரம் செய்தவர். அமெரிக்க விடுதலைப் போர் வெடித்ததும் வியாபாரம் மொத்தமாகப் படுத்துவிட்டது. குடும்பம் நொடித்துப்போக, கிழக்கிந்திய கம்பெனி படையில் சேர்ந்து 1780 ஜனவரியில் மெட்ராஸ் வந்து இறங்கினார் மன்றோ. அப்போது வயது 18. சின்ன வயசில் வந்த தட்டம்மையால் காதும் சரியாகக் கேட்காது.

அதே ஆண்டு ஹைதர் அலியுடன் போர். போர்க்களத்துக்கு நடுவிலும், சம்பளத்தில் மிச்சம் பிடித்து வீட்டுக்குப் பணம் அனுப்பினார். அப்பா, அம்மா, சகோதரி எர்ஸ்கினுக்கு அவர் எழுதிய கடிதங்களை குடும்பம் பத்திரமாக வைத்திருந்தது. அவை 1830-ல் வெளியான அவரது வாழ்க்கை வரலாற்றில் அச்சாகின. அவரைப் பற்றி இவ்வளவு விவரம் நமக்குக் கிடைக்க அதுதான் காரணம்.

தர்மபுரிக்கு எப்படி வந்தார்?

1792-ல் திப்பு சுல்தானுடன் போட்ட ஸ்ரீரங்கப்பட்டணம் ஒப்பந்தப்படி பாராமகால் பகுதி கம்பெனி கைக்கு வந்தது. அதை நிர்வகிக்க கேப்டன் அலெக்சாண்டர் ரீட் நியமிக்கப்பட்டார். அவருக்கு உதவியாளர்களில் ஒருவர் மன்றோ. 1799 வரை ஏழு வருஷம் இங்கே வேலை. ஊர் ஊராகப் போய் நிலத்தை அளப்பது, விவசாயிகளிடம் நேரில் பேசுவது என அலைந்தார். தர்மபுரியில் தோட்டமும் போட்டார். மாற்றலாகிப் போகும்போது அந்தத் தோட்டத்தைப் பிரிவது அவருக்குப் பெரிய வருத்தம்.

ரயத்துவாரி என்றால் என்ன?

ஜமீன்தார் போன்ற இடைத்தரகர் இல்லாமல், உழுகிற விவசாயி பேரிலேயே நிலத்தைப் பதிந்து, அரசே நேரடியாக வரி வாங்கும் முறை. 'ரயத்' என்றால் விவசாயி. ரீட் பாராமகாலில் தொடங்கிய இந்த முறையை மன்றோ பெரிதாக வளர்த்தார். 1820-ல் கவர்னர் ஆனதும் மாகாணத்தின் பெரும்பகுதிக்குக் கொண்டுபோனார். இன்னைக்கு நம்ம வீட்டு பீரோவில் இருக்கும் பட்டா இந்த வழியில் வந்ததுதான்.

எல்லாம் நல்லதா நடந்ததா? இல்லை. வரி கடுமையாக இருந்தது. மழை பொய்த்த வருஷங்களில் விவசாயிகள் தவித்தார்கள். இன்றைய ராயலசீமா பகுதியை நிர்வகித்தபின், 1807-ல் அங்கே வரியை நான்கில் ஒரு பங்கு குறைக்கச் சொன்னார் மன்றோ. மேலிடம் உடனே கேட்கவில்லை. இடைத்தரகர் போனாலும் கடன்காரர் போகவில்லை என்பதுதான் வரலாற்று ஆய்வாளர்கள் பலரின் விமர்சனம்.

ஊர் திரும்பாத பயணம்

பதவியை விட்டு ஊருக்குப் போக மன்றோ முன்பே விரும்பினார். 1824-ல் தொடங்கிய பர்மா போர் அவரைப் பிடித்து வைத்தது. 1826-ல் மனைவி ஜேன், உடம்பு சரியில்லாத இளைய மகனோடு முன்னதாகக் கப்பல் ஏறினார். பின்னாலேயே கிளம்ப வேண்டியவர், தனக்குப் பிடித்த ராயலசீமா மக்களிடம் விடைபெறப் போனார். போன இடத்தில் காலரா. 1827 ஜூலை 6-ல் பத்திகொண்டாவில் இறந்தார்.

கூத்தியில் புதைக்கப்பட்ட உடல், பின்னர் சென்னை புனித ஜார்ஜ் கோட்டையில் உள்ள செயின்ட் மேரி தேவாலயத்துக்குக் கொண்டுவரப்பட்டது. அப்பாவின் வியாபாரம் முறிந்ததால் கப்பல் ஏறிய மகன், கடைசியில் இந்த மண்ணிலேயே தங்கிவிட்டார்.