ஒற்றைக்கை விஞ்ஞானி சம்னர்

நிபோங் திபால் என்றாலே பலருக்கும் நினைவுக்கு வருவது கடலுணவுதான். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001 முதல் இங்குதான் இயங்கி வருகிறது. நாம் உரித்தெறியும் இறால் ஓட்டில்தான் என் இறுதியாண்டு ஆய்வும் தொடங்கியது!

இறால் ஓட்டிலுள்ள கைட்டினைக் கைட்டோசானாக மாற்றி, அதை என்சைம் எனப்படும் நொதியால் வெட்டினால், கிருமிகளை எதிர்க்கும் ஆற்றலுள்ள சிறு சர்க்கரைச் சங்கிலிகள் கிடைக்கும். நொதியைக் கரைசலில் அப்படியே விட்டால் ஒரே முறைதான் பயன்படும். சிலிக்கா மணிகளில் பிணைத்துவிட்டால் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாம். ஆனால், என் நொதி மணிகளில் ஒட்டவே இல்லை. மூன்று முறை முயன்றும், சோதனைக் குழாயின் மஞ்சள் நிறம் சிவக்கவில்லை. ஆய்வுத் தலைப்பையே மாற்றிவிடலாமா என்று சோர்ந்திருந்த வேளையில்தான், இந்த நிறச் சோதனையைக் கண்டுபிடித்தவர் யார் என்று தேடினேன். 1921-இல் அதை வெளியிட்டவர் ஜேம்ஸ் பேட்செல்லர் சம்னர்.

1887-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பிறந்த சம்னர் இடக்கைப் பழக்கமுள்ளவர். பதினேழு வயதில் வேட்டையின்போது நேர்ந்த துப்பாக்கி விபத்தில் அந்த இடக்கையையே முழங்கைக்குக் கீழே இழந்தார். வலக்கையால் எல்லாவற்றையும் புதிதாகப் பழகினார், டென்னிஸ்கூட ஆடினார்! ஹார்வர்டில் மேற்படிப்புக்குச் சென்றபோது, ஒற்றைக்கையோடு வேதியியல் வேண்டாம், சட்டம் படிக்கலாம் என்று பேராசிரியர் ஓட்டோ ஃபோலின் அறிவுறுத்தினார். சம்னர் கேட்கவில்லை. அதே ஃபோலினிடம் பயின்று 1914-இல் முனைவர் பட்டம் பெற்றார்.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1917-இல் அவர் எடுத்துக்கொண்ட வேலை, நொதியைத் தூய நிலையில் பிரித்தெடுப்பது. நம் வாளவரையின் இனத்தைச் சேர்ந்த ஓர் அவரையின் மாவிலிருந்து, யூரியாவைச் சிதைக்கும் யூரியேஸ் என்ற நொதியைத் தேடினார். ஒன்பது ஆண்டுகள் ஓடின. 1926-இல், அசிட்டோன் கலந்த கரைசலைக் குளிரவைத்தபோது நுண்ணிய படிகங்கள் தோன்றின. அவை புரதம்! ஆனால், நொதி புரதமே அல்ல என்று கூறிவந்த ஜெர்மானிய அறிஞர் வில்ஸ்டேட்டர் நோபல் பரிசு பெற்றவர். அவருடைய தரப்பு சம்னரை ஏற்கவில்லை. 1930-இல் நார்த்ராப் பெப்சினைப் படிகமாக்கிய பிறகே காற்று திசை மாறியது. 1946-இல் சம்னருக்கு நோபல் பரிசில் பாதி கிடைத்தது. மறுபாதியை நார்த்ராப்பும் ஸ்டான்லியும் பகிர்ந்துகொண்டனர். 1955-இல் அவர் மறைந்தார்.

நொதி ஒரு புரதம். இதைப் படித்த இரவில்தான் என் தவறு எனக்குப் புரிந்தது. புரதத்திலுள்ள அமினோ தொகுதிகளைப் பற்றித்தான் குளுட்டரால்டிஹைடு நொதியை மணியோடு பிணைக்கிறது. நான் பயன்படுத்திய டிரிஸ் தாங்கல் கரைசலிலும் அமினோ தொகுதி உண்டு. நொதிக்குரிய இடத்தை அது முந்திக்கொண்டுவிட்டது! பாஸ்பேட் கரைசலுக்கு மாறினேன். நான்காம் முறை நிறம் சிவந்தது. அதே மணிகளை ஐந்தாம் முறை பயன்படுத்தியபோதும் சிவந்தது.

தமிழ்ப்பள்ளியிலிருந்து முதலாம் படிவத்திற்குச் சென்றபோது, அறிவியலை மலாயில் எழுதத் தடுமாறி, இது எனக்கு வராது என்று நானே முடிவுகட்டிய நாள்கள் உண்டு. கை மாற்றி எழுதப் பழகிய சம்னரை அன்றே அறிந்திருந்தால் அவ்வளவு அழுதிருக்க மாட்டேன். நண்பர்களே, இந்த ஆண்டு முதலாம் படிவத்தில் இருக்கும் உங்கள் தம்பி தங்கைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள்.