ஜாடியில் வளர்ந்த மக்காச்சோளம்

ஒரு கண்ணாடி ஜாடி. அதில் தண்ணீர். மூடியில் ஒரு துளை. அந்தத் துளையில் ஒரு மக்காச்சோளச் செடி நிற்கிறது. வேர் தண்ணீரில் தொங்குகிறது. ஒரு பிடி மண் கூடக் கிடையாது. ஆனாலும் செடி வளருகிறது!

இதைச் செய்து காட்டியவர் ஜெர்மன் விஞ்ஞானி ஜூலியஸ் சாக்ஸ்.

அனாதைச் சிறுவன்

சாக்ஸ் 1832-ம் ஆண்டு பிரஸ்லாவ் நகரில் பிறந்தார். (அந்த ஊர் இப்போது போலந்து நாட்டில் இருக்கிறது.) தகப்பனார் சித்திரம் செதுக்கும் தொழிலாளி. மகனுக்கும் படம் வரையச் சொல்லிக் கொடுத்தார். 17 வயதுக்குள் சாக்ஸ் தாய், தந்தை இருவரையும் இழந்தார். கையில் காசு இல்லை. படிப்பு பாதியில் நின்றது.

அப்போது கை கொடுத்தவர் புர்க்கின்யே என்ற பேராசிரியர். அவருடைய பிள்ளைகளோடு விளையாடியவர் சாக்ஸ். 1851-ல் பையனைப் பிராக் நகருக்கு அழைத்து, படம் வரையும் வேலை கொடுத்தார். தகப்பனார் கற்றுத் தந்த தொழில் சோறு போட்டது. வேலை முடிந்த நேரத்தில் சாக்ஸ் செடிகளை ஆராய்ந்தார். 1856-ல் டாக்டர் பட்டம் பெற்றார்.

வெளுத்த இலை

மக்கிய மண்ணைத் தின்றுதான் செடி வளருகிறது என்று பலர் நம்பிய காலம் அது. சாக்ஸ் மண்ணையே எடுத்து விட்டார். வெடியுப்பு, பேதியுப்பு போன்ற சில உப்புக்களைத் தண்ணீரில் கரைத்தார். அதிலேயே செடி வளரும், முளைக்கக்கூடிய விதையும் கொடுக்கும் என்று 1860-ல் எழுதினார். அதே சமயத்தில் வேறு சிலரும் இந்த முயற்சியில் இருந்தார்கள்.

இரும்பு சேர்க்காத ஜாடியில்தான் வேடிக்கை நடந்தது. மக்காச்சோளத்தின் முதல் சில இலைகள் பச்சையாக வந்தன. விதையில் இருந்த இரும்பு தீர்ந்ததும், அடுத்த இலைகள் வெள்ளை வெளேர் என்று வந்தன. தண்ணீரில் துளி இரும்பு உப்பைப் போட்டார். சில நாளில் வெளுத்த இலை பச்சையானது! நம் குடியானவர்கள் அன்னபேதி என்று சொல்லுவதும் இரும்பு உப்புதான்.

பச்சை போனால் என்ன நஷ்டம்? அதற்கும் சாக்ஸே விடை கண்டார். இலையில் ஒரு பகுதியை மூடி வெயிலில் வைத்தார். பிறகு பச்சை நிறத்தை நீக்கி, அயோடினில் நனைத்தார். வெயில் பட்ட இடம் கறுத்தது. மூடிய இடம் கறுக்கவில்லை. கறுத்தது மாவுச்சத்து. வெளிச்சத்தில் பச்சை இலைதான் அதைச் சமைக்கிறது. சோள மணியில் நூற்றுக்குச் சுமார் 70 பங்கு இந்த மாவுச்சத்தே. இலை வெளுத்தால் கதிரில் மணி பிடிக்காது.

டார்வினோடு சண்டை

1868 முதல் வூர்ஸ்பர்க் சர்வகலாசாலையில் பேராசிரியராக இருந்தார். பல நாட்டு மாணவர்கள் தேடி வந்தார்கள். சார்லஸ் டார்வினின் மகனும் வந்து படித்தார். ஆனால் சாக்ஸ் முன்கோபி. பூமியின் இழுப்பை வேரின் நுனி உணருகிறது என்று 1880-ல் டார்வின் எழுதியபோது, சாக்ஸ் ஏளனம் செய்தார். டார்வின் சொன்னதே சரி என்று பின்னால் தெரிந்தது.

ஓயாத உழைப்பு உடலைக் கெடுத்தது. கடைசிக் காலம் நோயிலேயே கழிந்தது. 1897 மே 29-ந் தேதி, வூர்ஸ்பர்க்கிலேயே சாக்ஸ் காலமானார்.