1,024 அறைகள் கொண்ட அலமாரி: கைரேகை வைத்து ஆளைக் கண்டுபிடிக்க வழி செய்த அஜீசுல் ஹக் யார்?

காலையில ஆபீஸ் வாசலில் பயோமெட்ரிக் மெஷின்ல விரலை வைக்கிறீங்க. ஒரு நொடியில் உங்கள் பெயர் திரையில் வந்துவிடுகிறது. புது சிம் கார்டு வாங்கும்போதும் இதே கதைதான். எந்த க்ரைம் வெப் சீரிஸைப் பார்த்தாலும், கொலை நடந்த வீட்டில் ஒருவர் பிரஷ்ஷும் பவுடருமாக ரேகை எடுத்துக்கொண்டிருப்பார்.

ஆனால் ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். கம்ப்யூட்டர் இல்லாத காலம். போலீஸ் ஆபீஸில் ஆயிரக்கணக்கான ரேகைச் சீட்டுகள் குவிந்து கிடக்கின்றன. பிடிபட்டவன் தன் பெயரை மாற்றிச் சொல்கிறான். அவனுடைய பழைய சீட்டை அந்தக் குவியலில் எப்படித் தேடுவீங்க?

இந்தக் கேள்விக்கு விடை கண்டவர்களில் முக்கியமானவர், வங்காளத்தைச் சேர்ந்த ஒரு சப்-இன்ஸ்பெக்டர். பெயர் காஜி அஜீசுல் ஹக். அந்த முறைக்கு உலகம் வைத்த பெயரோ அவருடைய மேலதிகாரியின் பெயர்.

வீட்டை விட்டு ஓடிய சிறுவன்

1872-ல், இன்றைய வங்கதேசத்தில் உள்ள குல்னா பகுதியில் பிறந்தவர் ஹக். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தார். அண்ணன்தான் குடும்பத்தைத் தாங்கினார். வீட்டில் வறுமை. சாப்பாட்டு விஷயத்தில் அண்ணனிடம் அடி வாங்கி, 12 வயதில் கல்கத்தாவுக்கு ஓடிப் போனார் என்பது அவருடைய குடும்பத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை. அங்கே ஒரு குடும்பம் அவரை அரவணைத்தது, படிக்கவும் வழி செய்தது.

பையனுக்குக் கணக்கு நன்றாக வந்தது. பிரெசிடென்சி கல்லூரி வரை போனார். அந்தச் சமயத்தில் வங்காளப் போலீஸின் இன்ஸ்பெக்டர் ஜெனரலாக இருந்த எட்வர்டு ஹென்றி, கணக்கில் கெட்டிக்கார மாணவர் ஒருவர் வேண்டும் என்று கல்லூரியிடம் கேட்டார். கல்லூரி கைகாட்டியது ஹக்கை. இப்படித்தான் கணக்கு படித்த இளைஞர் போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் ஆனார்.

அப்போது போலீஸ் எப்படி அடையாளம் கண்டது?

அப்போது நடப்பில் இருந்தது பிரான்ஸைச் சேர்ந்த பெர்ட்டியான் உருவாக்கிய உடல் அளவு முறை. தலையின் நீளம், விரலின் நீளம், பாதத்தின் நீளம் என்று அளந்து குறித்து வைப்பார்கள். பிரச்னை என்னன்னா, ஒரே ஆளை இரண்டு போலீஸ்காரர்கள் அளந்தால் இரண்டு விதமான அளவு வரும். கருவி தேய்ந்தாலும் தப்பு, அளப்பவர் அவசரப்பட்டாலும் தப்பு.

கைரேகை அப்படியில்லை. ஆளுக்கு ஆள் வேறுபடும், வாழ்நாள் முழுக்க மாறாது. வங்காளத்தில் இது புதிய சங்கதியும் இல்லை. 1858-லேயே வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஓர் ஒப்பந்தத்தில் ஒப்பந்தக்காரரின் கை அச்சை வாங்கியிருந்தார். லண்டனில் பிரான்சிஸ் கால்டன் ரேகைகளை ஆராய்ந்து 1892-ல் புத்தகமே எழுதிவிட்டார். இத்தனை இருந்தும், பெரிய குவியலில் ஒரு சீட்டைச் சட்டென்று தேடி எடுக்க வசதியான வழி இல்லாமல்தான் இருந்தது.

அந்த 1,024 எங்கிருந்து வந்தது?

இங்கேதான் ஹக்கின் கணக்கு வருகிறது. உங்கள் பத்து விரல்களையும் பாருங்கள். சிலவற்றில் ரேகை சுழியாக வட்டமிடும். மற்றவற்றில் கண்ணி போலவோ வில் போலவோ வளைந்து போகும். இந்த முறைக்குத் தேவை ஒரே கேள்வி: இந்த விரலில் சுழி இருக்கிறதா, இல்லையா?

வலது கட்டைவிரலில் ஆரம்பித்து, விரல்களை இரண்டு இரண்டாகப் பிரிக்க வேண்டும். முதல் ஜோடிக்கு மதிப்பு 16, அடுத்ததற்கு 8, பிறகு 4, 2, 1. சுழி இருந்தால் அந்த மதிப்பு கிடைக்கும், இல்லையென்றால் பூஜ்யம். ஒவ்வொரு ஜோடியிலும் இரண்டாவதாக வரும் விரல்களின் மதிப்பைக் கூட்டி ஒன்று சேர்த்தால் மேல் எண். முதலில் வரும் விரல்களுக்கும் அதேபோலச் செய்தால் கீழ் எண்.

உதாரணமாக, வலது கட்டைவிரலிலும் இடது மோதிர விரலிலும் மட்டும் சுழி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழே 16-ம் 1-ம் சேர்ந்து 17, கூட ஒன்று, ஆக 18. மேலே எதுவுமில்லை, வெறும் 1. உங்கள் சீட்டு 1/18 என்ற அறையில் இருக்கும்.

மேலே 32 வாய்ப்பு, கீழே 32 வாய்ப்பு. பெருக்கினால் 1,024. இனி முழுக் குவியலையும் கிளற வேண்டாம், ஒரே ஓர் அறையைத் திறந்தால் போதும். நீங்க ஐடி வேலையில இருந்தா, இது கிட்டத்தட்ட பைனரி எண்ணும் இண்டெக்ஸிங்கும்தான் என்று உடனே பிடித்திருப்பீங்க.

ஹக்கோடு வேலை பார்த்த இன்னொருவர் ஹேமச்சந்திர போஸ். ரேகை விவரத்தைத் தந்தியில் அனுப்பும் குறியீட்டை உருவாக்கியவர் இவர். 1897-ல் அரசு நியமித்த குழு இந்த முறையைச் சோதித்து ஒப்புதல் தந்தது. அதே ஆண்டு கல்கத்தாவில் கைரேகைக் கூடம் செயல்படத் தொடங்கியது. உலகின் ஆரம்பகாலக் கைரேகைக் கூடங்களில் இதுவும் ஒன்று.

தேயிலைத் தோட்டத்தில் ஒரு கொலை

சீக்கிரமே சோதனை வந்தது. வங்காளத்தின் ஜல்பைகுரி மாவட்டத்தில், தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் தன் பங்களாவில் கழுத்து அறுபட்டுக் கிடந்தார். பணம் திருடு போயிருந்தது.

சந்தேகப் பட்டியல் நீண்டது. மேலாளர் கறாரான ஆள் என்பதால் தோட்டத் தொழிலாளிகள் மேல் சந்தேகம். துணியில் ரத்தக் கறை இருந்த சமையல்காரர் மேல் சந்தேகம். முன்பு திருட்டு வழக்கில் இதே மேலாளரால் சிறைக்குப் போன ஒரு பழைய வேலைக்காரன் மேலும் சந்தேகம்.

மேலாளரின் பெட்டியில் வங்காளப் பஞ்சாங்கம் ஒன்று கிடைத்தது. அதன் நீல அட்டையில் பழுப்பு நிறக் கறைகள், அதில் ஒரு கட்டைவிரலின் அச்சு. கல்கத்தா கூடத்தில் இருந்த பதிவோடு ஒப்பிட்டார்கள். அந்தப் பழைய வேலைக்காரனின் வலது கட்டைவிரலோடு பொருந்தியது. சமையல்காரர் மேல் விழுந்த சந்தேகம் எவ்வளவு எளிதாகத் தூக்கு வரை போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அட்டையில் இருந்த கறை பாலூட்டியின் ரத்தம் என்று ரசாயனப் பரிசோதகரும் உறுதி செய்தார்.

1898-ல் தீர்ப்பு வந்தது. திருட்டுக் குற்றத்துக்குத் தண்டனை, கொலைக் குற்றத்திலிருந்து விடுதலை. பெட்டியைத் தொட்டான் என்பதை ரேகை காட்டியது. கத்தியைப் பிடித்ததும் அவன்தான் என்பதைக் காட்டவில்லை. கொலையை நேரில் பார்த்த சாட்சி யாரும் கிடையாது. ரேகை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதில் இன்றைய விசாரணை அதிகாரிகளும் வழக்கறிஞர்களும் மோதிக்கொள்ளும் இடம் இதுவேதான். அடுத்த ஆண்டே, 1899-ல், இந்தியச் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டு கைரேகை நிபுணரின் கருத்துக்கும் இடம் தரப்பட்டது.

பெயர் யாருக்குப் போனது?

1900-ல் ஹென்றி எழுதிய புத்தகம் வெளியானது. 1901-ல் அவர் லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்குப் போய் அங்கே கைரேகைப் பிரிவைத் தொடங்கினார். 1905-ல் டெட்ஃபோர்டு கடைக்காரத் தம்பதி கொலை வழக்கில், பணப்பெட்டியில் இருந்த கட்டைவிரல் அச்சு ஸ்டிராட்டன் சகோதரர்களைத் தூக்கு மேடைக்குக் கொண்டுபோனது. ஹென்றி லண்டன் போலீஸ் கமிஷனர் ஆனார், சர் பட்டமும் வந்தது. முறையின் பெயர் 'ஹென்றி முறை' என்றே நிலைத்தது.

ஹக்? இந்தியாவிலேயே போலீஸ் வேலையைத் தொடர்ந்தார். 1913-ல் கான் சாகிப், 1924-ல் கான் பகதூர் பட்டங்கள் கிடைத்தன. தன் பங்களிப்பை அங்கீகரிக்க வேண்டும் என்று அரசிடம் அவரே கேட்க வேண்டியிருந்தது. 1926-ல் ஓய்வில் இருந்த ஹென்றி, தன் ஊழியர்களில் இந்த வகைப்பாட்டு முறைக்கு அதிகம் உழைத்தவர் ஹக்தான் என்று எழுத்து மூலம் ஒப்புக்கொண்டார். அரசு 5,000 ரூபாய் சன்மானம் தந்தது. கணக்கின் எந்தப் பகுதி யாருடையது என்ற விவாதம் ஆய்வாளர்களிடையே இன்னும் ஓயவில்லை. ஆனால் வகைப்பாட்டின் கணித அடிப்படையில் ஹக்கின் கை இருந்தது என்பதற்கு அவருடைய மேலதிகாரியே சாட்சி.

ஆபீஸில் ராத்திரி பகலாக நீங்கள் செய்த வேலையை மீட்டிங்கில் மேனேஜர் தன் பெயரில் காட்டும்போது வரும் வலி உங்களுக்குத் தெரியும்தானே? ஹக்கின் விஷயத்தில் அந்த ஒரு கடிதத்துக்கு கால் நூற்றாண்டு ஆனது.

பீகாரின் மோதிஹாரியில் கடைசிக் காலத்தைக் கழித்த ஹக், 1935-ல் இறந்தார். பிரிட்டனின் கைரேகை ஆய்வாளர் சங்கம் பல ஆண்டுகள் கழித்து ஹக், போஸ் இருவரின் பெயரிலும் ஒரு பரிசை ஏற்படுத்தியது.

இன்று இந்தியப் போலீஸ் தேடுவது தேசியத் தானியங்கிக் கைரேகை அடையாள அமைப்பில். 2022-ல் தொடங்கிய இதில், கைதாகும் ஒவ்வொருவரின் ரேகைக்கும் பத்து இலக்க எண் ஒன்று தரப்படுகிறது. அலமாரி போய் சர்வர் வந்துவிட்டது. ஒரு ரேகையை எண்ணாக மாற்றினால் தேடுவது சுலபம் என்ற யோசனை மட்டும் ஹக் காலத்தில் இருந்த அதே இடத்தில்தான் இருக்கிறது.